அருண் பேசுகிறேன்

என் மகனைப் பொய்யனாக்கியவன் நான்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. அவன் உண்மையைச் சொன்னான், நான் பொய்யைச் சொன்னேன். கேட்டவர்கள் என்னை நம்பினார்கள், அவனைத் திருத்தப் பார்த்தார்கள். அதுவும் எப்போது? மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு முந்தைய மாலையில்... முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில்... கையில் ஒரு தம்ளர் ரசத்தோடு அவன் நின்றுகொண்டிருந்தபோது.

ரசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னை ஏதோ பெரிய சூழ்ச்சிக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். சூழ்ச்சி செய்ய ஒரு திறமை வேண்டும், அது எனக்கில்லை. மாம்பலத்திலிருந்து அமெரிக்கா வந்தவன். தொண்ணூறுகளின் நடுவில் கலிபோர்னியாவில் டப்ளின் என்னும் ஊரில் வீடு, பக்கத்து சான் ரமோனில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி சாரதா. ஒரே மகன் அருண், தெற்கே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கல்லூரியில் கடைசி வருடம். அவன் டாக்டராக வேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே முடிவாகிவிட்டது. முடிவு செய்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்த நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. ஊர் ஊராகப் பறந்துபோய், கோட்டு மாட்டிக்கொண்டு, பேராசிரியர்கள் முன்னால் உட்கார வேண்டும். விமானச் செலவு நம்முடையது. ஹோட்டல் செலவாவது மிஞ்சட்டும் என்று, அங்கே ஏற்கெனவே படிக்கிற மாணவர் ஒருவர் தம் வீட்டில் ஓர் இரவு தங்க இடம் கொடுப்பார். அவருக்குப் பெயர் ஹோஸ்ட். அந்த ஹோஸ்ட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து பேசி வைத்துக்கொள்வது, போகிற பையனின் பொறுப்பு.

பையனின் பொறுப்பு! அங்கேதான் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

காரணம் இருந்தது. அதற்கு முன்பு நியூஜெர்சியில் ஒரு நேர்முகத் தேர்வு. அருண் கடைசி நேரத்தில் போன் செய்ய, நல்ல ஹோஸ்ட்டுகள் எல்லாரும் போய்விட, பூனை வளர்க்கிற ஒருவரின் வீடுதான் மிஞ்சியது. அருணுக்குப் பூனை ஆகாது. பூனை படுத்த சோபாவில் படுத்து எழுந்து, மறுநாள் பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து, 'நீங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவன் பதிலாகத் தும்மினான். தும்மிக்கொண்டே இருந்தானாம். கடைசியில் அவர்களே கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்களாம்.

சாரதாவுக்கு இன்னொரு கணக்கு. அவளுடைய தோழி, சான் ரமோன் வசந்தாவின் மகன் ஒரு நல்ல ஹோஸ்ட் வீட்டில் தங்கினான், அங்கேயே இடம் கிடைத்துவிட்டது. ஆகவே ஹோஸ்ட் அமைவதும் ஜாதகம் அமைவதும் ஒன்றுதான் என்று அவள் நம்பினாள்.

இந்த நேரத்தில்தான் ஹூஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் வீட்டு முகவரிக்கு வந்தது. அதில் ஹோஸ்ட்டின் பெயர் சாமுவேல் என்றும், அவன் தொலைபேசி எண்ணும் இருந்தன. அருணுக்குப் போனில் படித்துச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்றான். அடுத்த வாரம் கேட்டபோது கொஞ்சம் சலிப்போடு, நீங்கள் மட்டும் யாருக்கும் போன் செய்துவிடாதீர்கள், அப்பா அம்மா போன் செய்தால் இங்கே எல்லாரும் சிரிப்பார்கள் என்றான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். நாம் தமிழில் கேட்டால் அவனுக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான்.

என் கண்முன்னால் பூனைகள் வந்தன. ஹூஸ்டன் முழுவதும் பூனைகள்...

அன்று மாலை நானே போன் செய்தேன். நம்புங்கள், 'நான் அருணின் அப்பா பேசுகிறேன்' என்று சொல்லத்தான் ரிசீவரை எடுத்தேன். ஆனால் மறுமுனையில் எடுத்த பையன் முந்திக்கொண்டான். கலிபோர்னியாவிலிருந்து ஒருவன் கூப்பிடுவான் என்று கல்லூரி அலுவலகத்தில் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஹாய், இஸ் திஸ் அருண்?" என்றான்.

அப்பா அம்மா போன் செய்தால் சிரிப்பார்கள் என்று அருண் சொன்னது அந்தக் கணத்தில்தானா நினைவுக்கு வரவேண்டும்? வந்தது. "யெஸ்" என்றேன். "அருண் பேசுகிறேன்" என்பதை எப்படி அமெரிக்கத்தனமாகச் சொல்வதோ அப்படிச் சொன்னேன். எங்கள் இருவர் குரலும் போனில் ஒன்றுபோலவே இருக்கும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குரலில்தான் அந்த ஒற்றுமை. உச்சரிப்பில் அவன் கலிபோர்னியா, நான் மாம்பலம்.

மாம்பலத்தை ஒளித்து இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். சமையலறையில் குக்கர் அலறியது. பழக்க தோஷம்... ரிசீவரைக் கையால் மூடாமலே திரும்பி, "சாரதா, அந்தக் குக்கரைக் கொஞ்சம் அணைச்சுத் தொலையேன்" என்றேன்.

"ஏய், நீ தமிழா?" என்றான் சாமுவேல். அப்படி ஒரு மகிழ்ச்சி அந்தக் குரலில். "நான் பாளையங்கோட்டைலே. சின்ன வயசுல டாலஸ் வந்தோம். இங்க கிளாஸ்ல ஒருத்தன்கூட தமிழ் பேச மாட்டேங்கான். ஆமா, சாரதா யாரு?"

"எங்க அம்மா."

"அம்மாவைப் பேர் சொல்லியா கூப்பிடுவ?"

"எங்க வீட்ல அப்படித்தான். அமெரிக்கா இல்லையா" என்றேன்.

அவன் நம்பினான். அமெரிக்காவைப் பற்றி என்ன சொன்னாலும் நம் ஆட்கள் நம்புவார்கள்.

பத்தே நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய ஏற்பாடு. பூனை இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். எந்த விமானம், எங்கே வந்து அழைத்துப்போவான் என்பதெல்லாம் பேசியாயிற்று. அதோடு வைத்திருக்கலாம். ஆனால் சாம் (அப்படித்தான் கூப்பிடச் சொன்னான்) தமிழ் பேசக் கிடைத்த ஆளை விடுவதாயில்லை. மறுபடி பேசணும், உன் நம்பர் கொடு என்றான். வீட்டு எண்ணைக் கொடுத்தால் சாரதா எடுப்பாள். நான் என் அலுவலக எண்ணைக் கொடுத்தேன். பகுதிநேரமாக ஒரு லேபில் வேலை பார்க்கிறேன் என்றேன்.

இப்படியாக, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த நான், சான் ரமோன் அலுவலகத்தில் மதிய நேரத்தில் போன் அடித்தால் "ஹாய், அருண் ஹியர்" என்று எடுக்கும் நிலைக்கு வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லிண்டா என்ற பெண்மணி எட்டிப் பார்த்து, அருண் யார் என்று கேட்டாள். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். மிகவும் நல்ல மனம் படைத்தவள். அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் வெட்டிய கேக்கில் 'அருண்' என்று எழுதியிருந்தது.

சாம் என்னென்னவோ கேட்டான். வார இறுதிப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டான். எந்த ஆட்டம் என்றே தெரியாமல், "நல்லா விளையாடறவங்க ஜெயிப்பாங்க" என்றேன். அவன் நெடுநேரம் சிரித்தான். என்ன சாப்பிடுவாய் என்று கேட்டான். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் இருந்தால் போதும் என்றேன். அருண் ரசத்தை வாசனையிலேயே வெறுப்பவன். அவனுக்கு மூன்று வேளையும் பீட்சா. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பசித்தது... யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. என் சொந்த மகன் என்னோடு ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. 'சாப்பிட்டியா', 'பணம் இருக்கா', 'அம்மாகிட்ட கொடு', இவ்வளவுதான் எங்கள் உரையாடல். எங்கோ ஹூஸ்டனில் ஒரு பையன் என்னைத் தன் வயதுக்காரனாக நினைத்து, "என்னலே அருண்" என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் திரையை மறந்து நாற்காலியில் சாய்ந்துவிடுவேன்.

ஒருநாள் அவன் குரல் மங்கியிருந்தது. போன வருடம் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டதாகச் சொன்னான். முதல் வருடத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறானாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவன் அப்பா டாலஸில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போதகர். ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் 'நம்ம டாக்டர் தம்பிக்காக' எல்லாரையும் ஜெபிக்கச் சொல்வாராம்.

"அவங்க ஜெபிக்கத ஜெபமெல்லாம் தப்பான அட்ரஸுக்குப் போவுது" என்றான். சிரிப்பது போலத்தான் சொன்னான். "நீ சொல்லு அருண். உனக்கு இப்படி ஆயிருந்தா, உங்க அப்பாட்ட எப்படி சொல்லுவ?"

இந்த இடத்தில் நான் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். அல்லது, 'தம்பி, நான் அருண் இல்லை' என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னைப் பற்றி நானே நற்சான்று கொடுத்துக்கொண்டேன்!

"எங்க அப்பாகிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம், சாம். கத்த மாட்டார். உட்கார்ந்து பொறுமையா கேட்பார். கேட்டுட்டு, சரி, அடுத்து என்ன பண்ணலாம்னுதான் யோசிப்பார்."

"நீ குடுத்து வச்சவன்லே."

"எல்லா அப்பாவும் அப்படித்தான். நீ நேரா போய் சொல்லு. ஒரு நாள் கோபமா இருப்பார். அப்புறம் சரியாயிடும்."

சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று இருந்தது.

ஆனால் அது உண்மையா? நான் கத்துவதில்லை, அது உண்மைதான். அருண் பள்ளியில் படித்தபோது, வேதியியலில் மதிப்பெண் குறைந்ததை ஒருமுறை வந்து சொன்னான். நான் ஒரு சொல் சொல்லவில்லை. தட்டிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனேன். திரும்பி வந்த பிறகும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது. அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் வந்து சொன்னதில்லை. குறை ஒன்றும் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குளிர்கால விடுமுறைக்கு அருண் வீட்டுக்கு வந்தான். ஹூஸ்டன் ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டான். கல்லூரி ஆபீஸிலேயே எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்றேன். அடுத்த சில நாட்களில் உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ வாய்ப்புகள் வந்தன. ஒவ்வொரு வாய்ப்பின்போதும் எனக்குத் தாகம் எடுத்தது, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

கடைசி வாய்ப்பு, ஓக்லாந்து விமான நிலையத்துக்கு அவனைக் காரில் அழைத்துக்கொண்டு போனபோது. பின் சீட்டில் கோட்டு உறைக்குள் தொங்கியது. ப்ரீவேயில் நல்ல நெரிசல். சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அருண்."

"யெஸ், அப்பா?"

"அந்தப் பையன் ரசம் குடுத்தா வேண்டாம்னு சொல்லாதே. குடி."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "வாட்?"

"ஒண்ணுமில்லை. மரியாதைக்குச் சொன்னேன்."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. என் மகனை ஒரு பொறிக்குள் அனுப்பும்போது நான் கொடுத்த ஒரே எச்சரிக்கை, ரசத்தைப் பற்றி.

அன்று மாலை, சாரதா சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுப் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அண்ணாச்சி, வணக்கம். நான் டாலஸ்ல போதகர் ஞானராஜ். சாமுவேலோட அப்பா. இப்ப ஹூஸ்டன்ல பிள்ளையோட அபார்ட்மெண்ட்ல இருந்து பேசுதேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நிதானமான, கனமான குரல். நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். முந்தைய நாள் சாம் அவருக்குப் போன் செய்து, தான் தோற்றதைச் சொல்லிவிட்டானாம். கேட்டதும் அவர் டாலஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவும் பிள்ளையும் பேசினார்களாம், அழுதார்களாம். இந்தத் தைரியம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கலிபோர்னியாவிலிருந்து ஒரு பையன் வருகிறான், அவன்தான் போனில் புத்தி சொன்னான் என்றானாம் சாம்.

"அந்தத் தம்பிக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போவோம்னு காத்துக்கிட்டு இருந்தேன், அண்ணாச்சி. வந்தான். ரசம் வச்சுக் குடுத்தோம். ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. சரி, போட்டும். 'நல்ல காரியம் பண்ணினே தம்பி'ன்னேன். அவன் என்னன்னா, 'நான் ஒண்ணும் சொல்லலியே'ங்கான். போன்ல பேசவே இல்லைங்கான். தமிழ் பேசவே வராதுங்கான். எம் பிள்ளை என்னன்னா, மணிக்கணக்கா தமிழ்ல பேசினான்ங்கான். எனக்கு ஒண்ணும் விளங்கல."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னொண்ணும் சொல்லுதான். 'எங்க அப்பாகிட்ட எதையும் சொல்லலாம்'னு நீ சொன்னியாமேன்னு கேட்டேன். 'இல்ல அங்கிள், அவர்கிட்ட எதையுமே சொல்ல முடியாது'ங்கான். அதான் தம்பிகிட்டயே நம்பரை வாங்கி, உங்களையே கேட்டுப்புடுவோம்னு போன் போட்டேன். தப்பா நெனைக்கக்கூடாது... இது உங்க மகன்தானா? இல்ல, வேற எவனும் ஆள் மாறி வந்திருக்கானா?"

ஆள் மாறியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த முனையில் இல்லை.

"என் மகன்தான்" என்றேன்.

"அப்ப போன்ல பேசினது?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சொல்தான் பதில். 'நான்.' இரண்டே எழுத்து. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு போதகர் சிரித்திருப்பார், அல்லது கோபித்திருப்பார். ஹூஸ்டனில் இரண்டு பையன்கள் என்னைப் பற்றிச் சிரித்திருப்பார்கள். அதற்கு மேல் என்ன? ஆனாலும் என் நாக்கு எனக்காகப் பேசியது.

"அதுவும் அவன்தான், சார். கூச்ச சுபாவம். நாளைக்கு இன்டர்வியூ இல்லையா, பதட்டத்துல ஏதேதோ சொல்றான்."

"அப்போ, உங்ககிட்ட எதையும் சொல்லலாம்னு சொன்னது?"

"அதுதான் சார் உண்மை."

நான் அதைச் சொன்னேன். என் காதாலேயே கேட்டேன். என் மகன், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியிருந்தான். நான் அதை ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு பொய் என்று சாதித்தேன்.

போதகர் பெருமூச்சு விட்டார். "அப்படீன்னா எம் மூஞ்சைப் பாத்துப் பொய் சொல்லுதான். சரி அண்ணாச்சி, நீங்க வருத்தப்படாதீங்க. வாலிபப் பிள்ளைங்க. நான் பாத்துக்கிடுதேன். இந்தா, பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு அருணின் மூச்சு. எனக்குத் தெரிந்த மூச்சுதான், சின்ன வயதில் காய்ச்சலில் என் தோளில் கிடந்த மூச்சு.

"அப்பா" என்றான்.

"கண்ணா..." என்றேன்.

அவன் சிறிது நேரம் காத்திருந்தான். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் காத்திருந்திருக்க வேண்டும்.

"இட்ஸ் ஓகே, அப்பா. ஐ கெட் இட்" என்று சொல்லி, ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு அந்த அபார்ட்மெண்டில் நடந்ததை அவன் தன் அம்மாவிடம்தான் சொன்னான். அவள் வழியாக எனக்குத் தெரிந்தது இவ்வளவு. போனை வைத்ததும் அருண் போதகரிடம், "ஆமா அங்கிள், நான்தான் பேசினேன், சாரி" என்று ஒப்புக்கொண்டான். செய்யாத குற்றத்தை, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில். போதகர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெய் பேசுவதன் மேன்மையைப் பற்றி விரிவாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சபையே கேட்கிற பிரசங்கத்தை அன்று அருண் ஒருவனே கேட்டான். முடிவில் அவன் தலையில் கைவைத்து, இந்தப் பிள்ளையின் நாவைக் காத்தருளும் என்று ஜெபித்தார். பிறகு மீதி ரசத்தையும் ஊற்றிக் கொடுத்தார். அருண் குடித்தான். மரியாதைக்குக் குடிக்கச் சொன்னவன் நான்தானே...

அவரை நீங்கள் தவறாக நினைக்கக்கூடாது. மறுநாள் காலையில் அவரே அருணைத் தன் காரில் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விட்டார். கோட்டின் காலரைச் சரிசெய்து, கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்து அனுப்பினாராம். மாலையில் விமானத்துக்கு முன் ஹில்கிராப்ட் தெருவில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தாராம். ஒரு பொய்யனுக்கு அதைவிட யாரும் அன்பு காட்டியிருக்க முடியாது.

சாம் மட்டும் அன்று காலை, அருண் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றிருக்கிறான். கொஞ்ச நேரம் முன்பு அருண் எங்களுக்குப் போன் செய்து சாரதாவோடு பேசியது அவன் காதில் விழுந்திருந்தது.

"உங்க அம்மாவை நீ அம்மான்னுதான் கூப்பிடுத" என்றானாம்.

அருண் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"போன்ல பேசினது உங்க அப்பாதான?"

"இல்ல. நான்தான்" என்றானாம் என் மகன்.

இதைச் சொன்னபோது சாரதா என் முகத்தைப் பார்க்கவில்லை. மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அவன் உங்களுக்காகப் பொய் சொன்னான். நீங்க யாருக்காகச் சொன்னேள்?" என்று கேட்டுவிட்டு, ஊறுகாய் எடுக்கப் போய்விட்டாள்.

சாமின் கதை நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிறன்று போதகர் தம் சபையில் எழுந்து நின்று, நம்ம டாக்டர் தம்பி ஒரு பாடத்தில் தோற்றுவிட்டான், இனிமேல் சரியாக ஜெபிப்போம் என்று அறிவித்தாராம். சாம் வெட்கத்தில் செத்தே போனானாம். ஆனால் தேறிவிட்டான், டாக்டராகிவிட்டான். அருணும் அவனும் வெகுகாலம் தொடர்பில் இருந்தார்கள். என்னிடம் மட்டும் சாம் மறுபடி பேசியதே இல்லை. பேசியிருந்தால் நான் எந்தப் பெயரில் எடுத்திருப்பேன்?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளைக்குக் கொடுத்தது ஒரு நல்ல அப்பாவை. இருந்த ஒரே பிரதியை அங்கே அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு மிஞ்சியது நான்தான்.

ஹூஸ்டனில் அருணுக்கு இடம் கிடைத்தது. தும்மிவிட்டு வந்த நியூஜெர்சியிலும் கிடைத்தது, அது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. அவன் நியூஜெர்சியைத் தேர்ந்தெடுத்தான். ஏன் என்று கேட்டேன். பனி பிடிக்கும் என்றான். நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். டப்ளினிலிருந்து கிழக்கே போனால் அதற்கப்பால் கடல்தான்.

என்னைக் குடைவது பொய் மட்டுமல்ல. இதை உங்களிடம் கேட்கிறேன், உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்... 'அவர்கிட்ட எதையுமே சொல்ல முடியாது' என்றானே, அவன் சொல்ல நினைத்தது எதை? ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாதவன் அப்படிச் சொல்வானா? மருத்துவம் வேண்டாம் என்பதா? யாராவது ஒரு பெண்ணா? உடம்புக்கு ஏதாவதா? அல்லது, வேதியியல் மதிப்பெண்ணுக்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தீர்களே அப்பா, அது எனக்கு வலித்தது என்பதா? எதுவென்று எனக்குத் தெரியாது. அவன் படித்து முடித்தான், அங்கேயே வேலை, அங்கேயே வீடு. விசாரித்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

ஒருமுறை நான் அவனுடைய ஊருக்குப் போயிருந்தபோது, காரில் நாங்கள் இருவர் மட்டும். அவன் ஓட்டினான். "அருண், அன்னிக்கு ஹூஸ்டன்ல..." என்று ஆரம்பித்தேன். அவன் கண்ணாடியைப் பார்த்தான், நெடுஞ்சாலையிலிருந்து இறங்க இண்டிகேட்டரைப் போட்டான். "நம்ம எக்ஸிட் வந்துடுச்சு, அப்பா" என்றான். தமிழில் சொன்னான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது, வெட்கம்கெட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆகவேதான் இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஒன்றையும் மறைக்காமல், என் பக்கம் நியாயம் தேடாமல், கேட்க வேண்டியவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததைச் சாரதா வாங்கிப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை ஏன் தமிழ்ல எழுதினேள்? அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே."

எனக்குத் தெரியும் என்றேன்.

"நான் வேணா போன்ல படிச்சுக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்றேன்.